சொல்லும் கையும்: கிதார் பயில்வோரின் தாளக் கல்வி குறித்து

கிதார் பயிலும் இளைஞர் எவரையாவது அழைத்து, "என்ன கற்றிருக்கிறீர்?" என்று வினவினால், இத்தனை கார்டுகள் தெரியும், இத்தனை பாடல்கள் தெரியும் என்றே விடை வரும். தாளம் கற்றிருக்கிறேன் என்று சொன்ன ஒருவரையும் நாம் இதுகாறும் கண்டதில்லை. இடக்கை விரல்கள் எங்கே அழுந்த வேண்டும் என்பதற்குப் படம் போட்ட புத்தகங்கள் ஏராளம். வலக்கை என்ன செய்யவேண்டும் என்பதற்கோ மேல்நோக்கி ஓர் அம்பும் கீழ்நோக்கி ஓர் அம்பும் போட்டு முடித்து விடுகிறார்கள். தாளம் என்பது இயல்பாகவே சிலருக்கு அமைந்துவிடும் வரம் என்றும், அமையாதவர்க்கு மெட்ரோனோமே கதி என்றும் ஓர் எண்ணம் நிலவுகிறது. இவ்வெண்ணம் தவறு என்பதை வன்மையாக மறுத்துக் காட்டும் ஒரு பாடத்தையும், அப்பாடம் தொடாமல் விட்டுவிட்ட ஒரு பகுதியையும் இங்கே ஆராய விழைகிறோம்.

நாம் குறிப்பிடுவது 2007ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி கேட்வே டு ரிதம்' என்னும் ஒளித்தகடு. ஆங்கிலத்தில் அமைந்த இப்பாடத்தை அளிப்போர் இருவர். ஒருவர் 1942இல் யார்க்‌ஷயரில் பிறந்த கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாக்லின். மற்றவர் கஞ்சிரா வித்துவான் வி. செல்வகணேஷ்; கடம் வித்துவான் விக்கு விநாயகராம் அவர்களின் மகன். நமது மிருதங்க வித்துவான்கள் தலைமுறை தலைமுறையாக வாயால் சொல்லிவரும் கொன்னக்கோலை, மேலைநாட்டு இசை மாணவர்க்குத் தாள இலக்கணமாகக் கற்றுக்கொடுப்பதே இதன் நோக்கம். வெளிவந்து ஆண்டுகள் பல ஆகிவிட்ட ஒன்றை இப்போது எடுத்துப் பேசுவானேன் எனில், நம்மிடம் பயிலும் மாணவருள் கிதார் வாசிப்போர் சிலர் அண்மையில்தான் இதனைக் கண்டெடுத்து, விடுதி அறைகளில் தகிட தகதிமி என்று இரவும் பகலும் முழங்கி வருகின்றனர். அயல்நாட்டார் வாய்வழியே நம் சொற்கட்டு நம் பிள்ளைகளிடம் திரும்பி வந்திருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வந்த பொருளைச் சீர்தூக்கிப் பார்க்கவேண்டிய கடமை மட்டும் நமக்கு உண்டு.

மெக்லாக்லின் இதனைக் கற்பிக்கத் தகுதி உடையவர்தாமா என்ற ஐயம் எழவேண்டியதில்லை. 1971இல் அவர் அமைத்த மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்னும் குழு ஒற்றைப்படை அளவுகளில் மின்கிதாரை வாசித்துப் பெயர் பெற்றது. 1973இல் வெளிவந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' இசைத்தட்டின் தலைப்புப் பகுதி 18 என்னும் எண்ணிக்கையில் சுழல்கிறது. அதன்பின் அவர் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதன் அவர்களிடம் சிறிது காலம் வீணை பயின்றார். மெதடிஸ்டு சபையாரால் 1831இல் தொடங்கப்பெற்று, வெஸ்லியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் கல்விச்சாலை அது. அங்கே ஒரு யார்க்‌ஷயர்க்காரர் தமிழ்நாட்டு வித்துவானின் முன் அமர்ந்து வீணை கற்றார் என்பதை எண்ணும்போது நமக்குப் புன்னகை வருகிறது. பின்னர் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விநாயகராம் ஆகியோருடன் அவர் நடத்திய 'சக்தி' குழுவின் வரலாறு பலரும் அறிந்ததே. 1975 ஜூலையில் லாங் ஐலண்டில் நடந்த கச்சேரியே அக்குழுவின் முதல் இசைத்தட்டாக 1976இல் வெளிவந்தது. நெடுங்காலத்திற்குப் பின் 2023இல் வெளிவந்த 'திஸ் மொமெண்ட்' என்ற தொகுப்பு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

இப்பாடத்தின் முதற் சிறப்பு, கருவியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறக்கச் சொல்வது. எபிரேய வினைத்திரிபுகளை வாய்விட்டு ஓதாமல் கண்ணால் மட்டும் படித்துத் தேர்வெழுத வந்த மாணவர்களின் விடைத்தாள்களை நாம் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறோம். அங்கே நேர்வதே இங்கும் நேர்கிறது. கண்ணுக்குத் தெரிந்தது நாவிற்கு வராது. நாவிற்கு வராதது வேளைக்கு உதவாது. மேலைநாட்டு முறையில் மாணவன் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டே வாசிக்கிறான். எண்களின் பெயர்கள் ஒலியில் சமமானவை அல்ல. விரைவில் சொல்லத்தக்கவையும் அல்ல. தகிட என்றால் 3, தகதிமி என்றால் 4, ததிகிணதொம் என்றால் 5, தகிட தகதிமி என்றால் 7, தகதிமி ததிகிணதொம் என்றால் 9. ஒவ்வோர் அசையும் ஒரு மாத்திரை. எண்ணுகிற வேலையைச் சொல்லே செய்துவிடுகிறது. மனம் விடுதலை பெறுகிறது.

இரண்டாவது சிறப்பு இன்னும் ஆழமானது. ஐந்து என்னும் எண் இரு வேறு வழிகளில் தாளத்தினுள் நுழையக்கூடும். ஆதி தாளத்தின் ஒவ்வோர் அடியையும் நான்காகப் பகுக்காமல் ஐந்தாகப் பகுத்து, அடிதோறும் ஒரு ததிகிணதொம் சொன்னால் அது கண்ட நடை. நடையை மாற்றாமல், அடிக்கு நான்கு மாத்திரை என்னும் ஒழுங்கைக் காத்துக்கொண்டே ஐந்தைந்தாகத் தொகுத்துச் சொல்வது வேறு. முதலாவதில் காலம் நெருங்குகிறது. இரண்டாவதில் அழுத்தம் இடம் பெயர்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாத கிதார் மாணவர்களே மிகுதி. இரண்டையும் 'ஐந்து வாசிக்கிறேன்' என்ற ஒரே சொல்லால் குறிப்பார்கள். கையால் தாளம் போட்டு, வாயால் சொல்லிப் பார்த்தவன் இதில் ஒருநாளும் தடுமாறமாட்டான்.

இரண்டாவது வகையைச் சற்று விரித்துக் காண்போம். ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனத்திற்கு 8 அடி; அடிக்கு 4 மாத்திரை; ஆக 32. ஐந்தைந்தாகத் தொகுத்தால் ஆறு ஐந்துகள் 30, மிச்சம் 2. அழுத்தம் முதல் அடியின் முதல் மாத்திரையிலும், இரண்டாம் அடியின் இரண்டாம் மாத்திரையிலும், மூன்றாம் அடியின் மூன்றாவதிலும், நான்காம் அடியின் நான்காவதிலும் விழுகிறது. ஐந்தாம் அடி அழுத்தமே பெறாமல் வெறுமையாகக் கழிகிறது. ஆறாம் அடியின் தலையில் அழுத்தம் மீண்டும் பொருந்துகிறது. அந்த வெறுமையான ஐந்தாம் அடியில்தான் கேட்பவர் நெஞ்சு ஒரு கணம் நின்று, ஆறாம் அடியில் மீள்கிறது. கணக்கு இங்கே கணக்காக நில்லாமல் உணர்ச்சியாகிறது. இதை ஒருமுறை நாவால் சொல்லிப் பார்த்த மாணவனுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இவ்வளவும் பாராட்டு. இனி நமது மறுப்பு.

சொற்கட்டு நாவில் ஏறியவுடன் அது கையிலும் ஏறிவிடும் என்று இப்பாடத்தைப் பின்பற்றுவோர் கருதிக்கொள்கின்றனர். மிருதங்கக்காரருக்கு அது உண்மை. அவர் சொல்லும் த, தி, தொம், நம் என்பவை தோலின் மேல் விழும் குறிப்பிட்ட அடிகளின் பெயர்கள். சொல்லிலிருந்து கைக்கு வழி ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது. கிதாருக்கு அவ்வழி இல்லை. கிதார்க்காரரின் வலக்கைக்கு இரண்டே அசைகள்: கீழ், மேல். பிக் பிடித்து ஒன்று மாற்றி ஒன்றாக வாசிப்பவருக்கு ஒற்றைப்படை மாத்திரைகள் கீழ்வீச்சிலும் இரட்டைப்படை மாத்திரைகள் மேல்வீச்சிலும் அமைகின்றன. மேற்சொன்ன ஐந்துகளை வாசிக்கும்போது அழுத்தங்கள் 1, 6, 11, 16, 21 என விழுவதால் கீழ், மேல், கீழ், மேல் என்று மாறி மாறி வரும். கீழ்வீச்சில் விழும் அழுத்தம் கையின் எடையால் தானே வலுப்பெறும். மேல்வீச்சில் விழுவது நலிந்துபோகும். எனவே நாவில் சமமாக ஒலித்த ஐந்துகள் கையில் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் வருகின்றன. கேட்பவருக்கு அவை ஐந்துகளாகவே தோன்றாமல் பத்துகளாகத் தோன்றுகின்றன.

கண்ட நடையில் இடர் இன்னும் பெரிது. அங்கே தாளத்தின் அடியே ஒன்றுவிட்டு ஒன்று மேல்வீச்சில் விழுகிறது. அடியைத் தன் கையின் இறக்கத்தால் உணர்ந்து பழகிய மாணவன் இரண்டாம் அடியிலேயே திசை இழக்கிறான். இதற்கு வழி இல்லாமல் இல்லை. அடிதோறும் கீழ்வீச்சையே புதிதாகத் தொடங்கலாம். அப்போது இரு கீழ்வீச்சுகள் அடுத்தடுத்து வந்து விரைவு குன்றும். அல்லது மேல்வீச்சையும் கீழ்வீச்சுக்கு நிகராக அழுத்தப் பழகவேண்டும். அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். மெக்லாக்லின் மாற்றுவீச்சில் உலகப் புகழ் பெற்றவர். அவர் கை இவ்விடரைக் கடந்து எத்தனையோ ஆண்டுகள் ஆயின. கடந்துவிட்டவருக்கு அது இடராகத் தோன்றாதது இயற்கையே. கற்பிப்போர் எல்லாருக்கும், நம்மையும் சேர்த்தே சொல்கிறோம், உள்ள குறை இது.

இன்னொன்று. தாளத்தைக் கையால் போடவேண்டும் என்பது இம்முறையின் உயிர். லகுவுக்கு ஒரு தட்டும் விரல் எண்ணலும், திருதத்திற்கு ஒரு தட்டும் ஒரு வீச்சும். ஆதி தாளம் எட்டு ஒரேமாதிரியான அடிகள் அல்ல. நான்கும் இரண்டும் இரண்டும் கூடிய ஒரு வடிவம். பாடகர் அவ்வடிவத்தைக் கையில் சுமந்துகொண்டே பாடுகிறார். கிதார் வாசிப்பவருக்கு இரு கைகளும் ஓய்வற்றவை. எஞ்சியிருப்பது கால். கால் தட்டத்தான் அறியும். விரல் விட்டு எண்ணவோ புறங்கை வீசவோ அறியாது. ஆகவே கருவியை எடுத்த கணமே தாளத்தின் வடிவம் அழிந்து எட்டுத் தட்டுகள் மட்டும் மிஞ்சுகின்றன. வீணை இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அதில் மூன்று தாளத் தந்திகள் பக்கவாட்டில் உள்ளன. வலக்கைச் சுண்டுவிரல் அவற்றை மீட்டித் தாளத்தின் அங்கங்களைக் காட்டிக்கொண்டே இருக்கும். 'சக்தி' காலத்தில் மெக்லாக்லினுக்காகச் செய்யப்பட்ட கிதாரில் குறுக்காகச் செல்லும் ஒத்ததிர்வுத் தந்திகளும், கமகத்திற்காகக் குழித்த விரற்பலகையும் இருந்தன. தாளத் தந்தி மட்டும் இல்லை. வீணையிலிருந்து அவர் கமகத்தைக் கொண்டுபோனார். நமது நோக்கில் கிதாருக்கு மிகவும் தேவையாயிருந்த தாளத் தந்தியை விட்டுச் சென்றார்.

இக்குறையை நிரப்பியவர்களைக் காணவேண்டின் பிரேசில் நாட்டிற்குச் செல்லவேண்டும். 1958இல் ஜோவாவ் ஜில்பெர்த்தோ 'ஷேகா ஜி சௌடாஜி' என்னும் பாடலைப் பதிவு செய்தபோது, கிதாரின் தாளம் ஒரு புதிய நிலையை அடைந்தது. அவர் பிக் பிடிப்பதில்லை. கட்டைவிரல் தாழ்ந்த தந்திகளில் சீராக அடியைக் காத்து நிற்கிறது. மற்ற விரல்கள் சேர்ந்து கார்டைப் பறிக்கின்றன. பறிப்பது அடியின் மேல் அன்று. பெரும்பாலும் அடிக்குச் சற்று முன்னர். அடி எங்கே என்று கட்டைவிரல் சொல்லிக்கொண்டே இருப்பதால் மற்ற விரல்கள் அதிலிருந்து விலகி நிற்கத் துணிகின்றன. அதன்மேல் பாடும் குரலோ இரண்டிற்கும் கட்டுப்படாமல் பின்தங்கியும் முந்தியும் செல்கிறது. ஒரே மனிதர், மூன்று காலங்கள். எண்ணிக்கையில் பார்த்தால் வெறும் இரண்டடித் தாளம்தான். ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை. ஆயினும் இதனைக் கற்க முயன்று கைவிட்ட திறமைசாலிகளை நாம் அறிவோம்.

ஆகவே 'உயர்நிலைத் தாளம்' என்ற தொடரையே நாம் மறுபரிசீலனை செய்யவேண்டியிருக்கிறது. எண் பெருகப் பெருகத் தாளம் உயர்கிறது என்பது இளைஞரின் மயக்கம். கவுன்ட் பேசியின் ஜாஸ் குழுவில் ஃபிரெடி கிரீன் என்பவர் 1937இல் சேர்ந்து 1987இல் மறையும்வரை கிதார் வாசித்தார். ஐம்பது ஆண்டுகள் அவர் செய்தது அடிக்கு ஒன்றாக நான்கு வீச்சு. தனி ஆவர்த்தனம் என்று ஒன்றை அவர் நாடியதே இல்லை எனலாம். ஒவ்வொரு வீச்சின் பின்னும் இடக்கை விரல்களைத் தந்தியிலிருந்து சற்றே தளர்த்தி ஒலியை நறுக்கிவிடுவார். ஒலி எப்போது தொடங்குகிறது என்பதோடு எப்போது முடிகிறது என்பதும் தாளமே என்று அவர் கை அறிந்திருந்தது.

இவ்விடத்தில் கொன்னக்கோலைக் குறைகூற முடியாது. கார்வை என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது. ததிகிணதொம் என்று சொல்லி இரண்டு மாத்திரை கார்வை விட்டு, மீண்டும் சொல்லி, மீண்டும் கார்வை விட்டு, மூன்றாம் முறை சொன்னால் 19 மாத்திரை. ஆதி தாளத்தில் 13 மாத்திரை கழித்து இதைத் தொடங்கினால் 32 நிறைந்து அடுத்த சமத்தில் சரியாக இறங்கும். நாவால் சொல்லும்போது கார்வையில் வாய் தானே மூடுகிறது; அமைதி தானே பிறக்கிறது. கிதாரில் அப்படியன்று. மீட்டிய தந்தி நிறுத்தும்வரை ஒலித்துக்கொண்டேயிருக்கும். இரண்டு மாத்திரை அமைதி வேண்டுமென்றால் அதையும் ஒரு கையால் செய்யவேண்டும். உள்ளங்கையின் ஓரத்தை வைத்தோ விரலைத் தளர்த்தியோ ஒலியை அடக்கவேண்டும். நம் மாணவர் ஒருவர் இந்தப் பத்தொன்பதை மிக விரைவாக நமக்கு வாசித்துக் காட்டினார். கணக்கு தவறவில்லை. ஆனால் கார்வைகள் கேட்கவேயில்லை; மூன்று சொற்களும் ஒன்றோடொன்று கசிந்து ஒரே முழக்கமாயின. அதையே வாயால் சொல்லச் சொன்னோம். தெளிவாகச் சொன்னார். அவருக்குத் தாளம் தெரியாமல் இல்லை. தந்தியை நிறுத்தக் கற்கவில்லை, அவ்வளவே.

இவை எல்லாம் இசைவாணர்க்குரிய நுணுக்கங்கள், போதகர்க்கும் இறையியல் மாணவர்க்கும் இவற்றால் ஆவதென்ன என்று கேட்போர் இருக்கக்கூடும். நமது கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாடலின் தலையில் இராகத்தோடு தாளமும் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆதி மட்டுமன்று, ரூபகமும் சாப்பு தாளங்களும் அங்கே உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் பாடியபோது தாளம் அலங்காரமாக இருக்கவில்லை. சொல் எந்த அசையில் நிமிர்கிறது என்பதைத் தீர்மானித்ததே அது. இன்று கிதார் வாசிக்கும் இளைஞர் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தலைப்பில் என்ன இருந்தாலும் நான்கடியில் வாரி விடுகிறார். மூன்றும் நான்குமாக நடக்கவேண்டிய ஏழு, மூன்றில் ஒன்று கூடி எட்டாகிவிடுகிறது.

நாமும் அதைச் செய்தவர்களே. ஊழியத்திற்கு வந்த புதிதில், ஒரு கிராமத்து உபவாசக் கூட்டத்தில், மிசிர சாப்பில் அமைந்த கீர்த்தனை ஒன்றுக்குக் கிதார் வாசித்தோம். ஏழு நமக்கு நொண்டுவதாகத் தோன்றியது. எட்டாக்கிச் செப்பனிட்டுக் கொடுத்தோம் என்று உள்ளூர ஒரு பெருமை. பாட்டு பாதியில் தளர்ந்தது. பின்வரிசையிலிருந்த முதிய உபதேசியார் ஒருவர் கூட்டம் முடிந்ததும் அருகே வந்து, "ஐயரே, பாட்டு இழுக்குதே" என்றார். பிறகு நம் பதிலுக்குக் காத்திராமல் திண்ணையில் உட்கார்ந்து, தொடையில் தட்டி, மூன்றும் நான்குமாக அந்தப் பல்லவியை மெல்லப் பாடினார். அதில் நொண்டல் இல்லை, நடை இருந்தது. நாம் கூட்டிய எட்டாவது மாத்திரையில்தான் சபையார் அனைவரும் ஒவ்வொரு வரியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நமக்காகக் காத்திருந்தார்கள். எழுதப்படிக்கச் சிறிதளவே அறிந்த அவரிடம் நாம் கேட்ட அந்தப் பாடம் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை.

ஒளித்தகட்டைக் குறித்து நமது முடிபு இதுவே. மாணவர் அதனைப் பார்க்கட்டும், வாயால் சொல்லட்டும், செல்வகணேஷ் அவர்களின் நாவின் தூய்மையைக் காது குளிரக் கேட்கட்டும். 'லா டான்ஸ் டு பொன்னேர்' என்ற பழைய 'சக்தி' பதிவின் தொடக்கத்தில் வரும் சொற்கட்டையும் உடன் கேட்டால் இம்முறை எங்கிருந்து கிளைத்தது என்பது விளங்கும். ஆனால் அதை முடித்ததும் கோர்வைகளைத் தேடி ஓடவேண்டாம். கட்டைவிரலுக்கு அடியைக் காக்கும் பணியைக் கொடுக்கட்டும். மேல்வீச்சில் அழுத்தப் பழகட்டும். ஒலியை நிறுத்தக் கற்கட்டும். இவை மூன்றையும் எந்த ஒளித்தகடும் அவர்களுக்காகச் செய்து தராது.

நமது கல்லூரியில் மாலைப்பொழுதில் கிதார் பயில வருவோர்க்கு இவ்வாண்டு ஒரு மாற்றம் செய்தோம். முதல் மாதம் எவரும் கருவியை உறையிலிருந்து எடுப்பதில்லை. கீர்த்தனைப் புத்தகமும் கைத்தாளமும் மட்டுமே. இருவர் சலித்து நின்றுவிட்டனர். இரண்டாம் மாதத்தில் கருவியை எடுத்தபோது சாப்பு தாளக் கீர்த்தனை ஒன்றைக் கொடுத்தோம். பத்தொன்பது மாத்திரையை விரைந்து வாசித்துக் காட்டிய அதே மாணவர்தாம் முதலில் முன்வந்தார். கட்டைவிரலால் மூன்றின் தலையிலும் நான்கின் தலையிலும் தாழ்ந்த தந்தியைத் தொட்டார். மற்றவற்றைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டார். இரண்டாம் சரணத்தில் பழைய பழக்கம் தலைகாட்டி எட்டாவது ஒன்று நுழைந்தது. வாசிப்பதை நிறுத்தி, தொடையில் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு, சரணத்தை முதலிலிருந்து எடுத்தார்.